பசி மாதங்களுக்கான பெண்கள் பொது நிதி: பணமாகச் சேர்ப்பதா, தானியமாகவா?

வரப்போரம் கேட்டது:

வணக்கம். 20 பெண்கள் சேர்ந்து பொது நிதி ஒன்று தொடங்கப் போகிறார்கள். எல்லாம் வானம் பார்த்த நிலம், வருடத்துக்கு ஒரே அறுவடை. அடுத்த அறுவடைக்கு முந்தைய மூன்று மாதம்தான் நெருக்கடி. வீட்டில் தானியம் தீர்ந்துவிடும். மூன்று வேளை இரண்டாகும், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருகிற பெண்ணுக்கு ஒன்றாகும். அந்த நேரத்தில் வியாபாரியிடம் ஒரு மூட்டை வாங்கினால் அறுவடையில் இரண்டாகத் திருப்ப வேண்டியிருக்கிறது.

சேமிப்புக் குழு நடத்துவது பற்றிப் பொதுவான விவரங்கள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் இங்கே நோக்கம் சேமிப்பு மட்டும் இல்லை, அந்த மூன்று மாதம் எந்த வீட்டிலும் யாரும் அரை வயிறாகப் படுக்கக் கூடாது. பணமாகச் சேர்ப்பதா, தானியமாகச் சேர்ப்பதா? தலைக்கு எவ்வளவு? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வருமே, அதை உள்கடன் (நிதியிலிருந்தே உறுப்பினருக்குத் தரும் கடன்) எப்படித் தாங்கும்? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்கேடு:

முதலில் பற்றாக்குறையை கிலோவில் அளந்துவிடுங்கள். அதைச் செய்யாமல் சந்தா தொகையை முடிவு பண்ணுகிற குழுக்கள்தான் அதிகம், பிறகு சேர்ந்ததை உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்கும்போது கையில் வருவது இரண்டு வாரத்துக்குக்கூடப் பத்தாது.

நிவாரணப் பணிகளில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்று வைத்து, அதில் தானியம் சுமார் 400 கிராம் என்று கணக்குப் போடுவார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 90 நாளைக்கு 180 கிலோ. ஆனால் அந்த 180 கிலோ முழுவதுமே பற்றாக்குறையாக இருப்பதில்லை. ஒவ்வொரு பெண்ணிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் தானியம் தீர்கிறது, அதற்குப் பிறகு கூலியில் எத்தனை நாள் ஓடுகிறது, போன வருடம் எத்தனை கிலோ கடன் வாங்கினீர்கள். பதில்களின் சராசரி பாதி என்று வந்தால் வீட்டுக்கு 90 கிலோ, 20 வீட்டுக்கு 1,800 கிலோ. அதுதான் உங்கள் இலக்கு.

அடுத்து, சந்தாவைப் ‘பங்கு’ என்ற அளவில் போடச் சொல்லுங்கள், ஒரு பங்கின் மதிப்பை அறுவடை நேரத்தில் ஒரு கிலோ தானியம் என்ன விலையோ அதற்குச் சமமாக வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் எழுத்துத் தெரியாத உறுப்பினருக்கும் ‘இதுவரை 32 பங்கு போட்டிருக்கிறேன், 32 கிலோ’ என்று கணக்கு மனதில் நிற்கும். வாரம் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை அவரவர் முடிந்ததைப் போடலாம்.

அறுவடை முடிந்ததிலிருந்து 36 வாரத்தில் 90 பங்கு சேர வாரத்துக்கு இரண்டரை. ஆனால் எல்லா வாரமும் ஒரே அளவு கேட்காதீர்கள். அறுவடை முடிந்த முதல் 12 வாரம் கையில் காசு புழங்கும், அப்போது 5 பங்கு. அடுத்த 12 வாரம் 2. கடைசி 12 வாரம் 1. மொத்தம் 96 பங்கு. வருடம் முழுக்க ஒரே சந்தா என்று வைத்தால், பசி நெருங்க நெருங்க அந்தச் சந்தாவைக் கட்டுவதற்கே ஒரு வேளைச் சோற்றைக் குறைப்பார்கள். பசியை நிறுத்த ஆரம்பித்த நிதியே பசியை உண்டாக்கும்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவை வரும் என்றீர்கள். அதனால்தான் கடன் காலண்டர் முக்கியம். எந்தக் கடனும் 12 வாரத்துக்கு மேல் வேண்டாம். 24-ம் வாரத்துக்குப் பிறகு புதுக் கடன் கிடையாது. 36-ம் வாரம் எல்லாக் கடனும் பெட்டிக்குத் திரும்பியிருக்க வேண்டும், 38-ல் பங்கு பிரிப்பு. அதாவது பசி தொடங்கும் வாரத்தில் பணம் வெளியே கடனாக நிற்கக் கூடாது, பெட்டியில் இருக்க வேண்டும். திருவிழாவை ஒட்டியோ காலண்டர் வருட முடிவிலோ பங்கு பிரித்தால் அந்தப் பணம் பசி மாதம் வரை தங்காது.

குதிர்க்காவல்:

கணக்கேடு சொன்ன அளவுகள் சரி. ஆனால் முழுக்கப் பணமாக வைத்தால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். அறுவடை நேரத்து விலையில் பங்கு போடுகிறீர்கள், வாங்கப் போவது பசி மாத விலையில். இடையில் விலை 30 சதவீதம் ஏறினால் 90 பங்குக்குக் கிடைப்பது 69 கிலோதான். மழையை மட்டும் நம்பும் பகுதிகளில் இந்த அளவு ஏற்றம் அரிதில்லை. கென்யாவில் சோளம் பயிரிடும் சிறு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. அங்கே விலை வழக்கமாக 25 முதல் 40 சதவீதம் ஏறுகிறது. அறுவடை நேரத்தில் கடன் கொடுத்ததும் விளைந்ததை உடனே விற்காமல் வைத்திருந்து பின்னால் விற்றார்கள், வருமானம் கூடியது. இதில் உங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது: முதல் உள்கடன் தர வேண்டிய நேரமே அறுவடை நேரம்தான். பள்ளிக் கட்டணத்துக்கும் பழைய கடனுக்கும் பயந்து ஒரு பெண் தன் வீட்டுத் தானியத்தை அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுத்தாலே பற்றாக்குறை குறையும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜரில் இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். விளைந்த மூட்டையைப் பொதுக் கிடங்கில் வைத்துவிட்டு அதன் மேல் கடன் வாங்குவது. கிடங்குக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி விவசாயிகள் குழுவிடம், இன்னொன்று கடன் கொடுத்தவரிடம். ஒருவர் மட்டும் போய்த் திறக்க முடியாது.

அதனால் என் யோசனை: முதல் 8 வாரத்தில் சேரும் பங்கு 20 பேருக்கு 800. அதை அப்படியே தானியமாக வாங்கிவிடுங்கள், வீட்டுக்கு 40 கிலோ. மிச்சத்தைப் பணமாக ஓட்டுங்கள். அறுவடை நேரத்துக் கடன் இரண்டாம் வருடத்திலிருந்துதான் முடியும்.

வாங்குவது சுலபம், வைத்திருப்பதுதான் வேலை. ஈரம் முதல் எதிரி. ஈரமானி இல்லாவிட்டால் உப்புச் சோதனை போதும். நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு தானியம், அதில் ஒரு பெரிய கரண்டி உலர்ந்த தூள் உப்பு. மூடி ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் 15-க்குக் கீழே. ஆனால் காற்றுப் புகாத பையில் கட்ட 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எனவே சோதனையில் தேறிய பிறகும் நல்ல வெயிலில் மறுபடி காய வையுங்கள். தரையில் நேரடியாகப் பரப்பாமல் தார்ப்பாய் மேல். காய்ந்த சூட்டோடு கட்டாமல் நிழலில் ஆறவிட்டுக் கட்டுங்கள்.

பைக்கு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் கேமரூனில் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பை நல்லது. உள்ளே இரண்டு தடித்த பிளாஸ்டிக் பை, வெளியே நெய்த சாக்கு. தானியத்தோடு உள்ளே போன வண்டு அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தானே தீர்த்துவிட்டுச் சாகும், மருந்து வேண்டாம். உள்பையைக் காற்றால் ஊதிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா பார்த்துவிட்டு நிரப்புங்கள். நிரப்பியதும் வாயை அழுத்திக் காற்றை வெளியேற்றி, முறுக்கி, மடித்து, முதல் பை தனியாக, இரண்டாவது தனியாகக் கட்ட வேண்டும். சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டு தளரும்போது இரண்டும் போகும். 100 கிலோ பையைவிட 50 கிலோ பை வாங்குங்கள், 16 பை. திறந்த பை திறந்ததுதான், அதைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். எலிக்கு இந்தப் பை ஒரு பொருட்டே இல்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகை, சுவரிலிருந்து அரை மீட்டர் இடைவெளி, சுற்றிலும் நடந்து பார்க்க வழி.

கைகூப்பிக் கேட்கிறேன், பூச்சிக்கு என்று மாத்திரை வைக்கும் வேலை வேண்டாம். ஆட்கள் தூங்கும் வீட்டில், அடுத்த அறையில்கூட, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்தால் அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு குடும்பத்தையே கொல்லும்.

மூன்றுசாவி:

பெட்டி நடைமுறை பற்றி. 1991-ல் நைஜரின் மராடிப் பகுதியில் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு பெண்களோடு தொடங்கிய முறை இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் பலம் அதன் எளிமை. ஒரு பெட்டி, மூன்று பூட்டு, மூன்று வேறு வீடுகளில் மூன்று சாவி. பெட்டியை வைத்திருப்பவரிடம் சாவி இருக்கக் கூடாது. சாவி வைத்திருப்பவர்கள் தலைவிக்கோ கணக்கருக்கோ நெருங்கிய சொந்தமாக இருக்கக் கூடாது. பணம் எண்ண இரண்டு பேர். ஒருவர் எண்ணி அமைதியாக அடுத்தவரிடம் தர, அடுத்தவர் எண்ணித் தொகையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதலாமவர் தொகையைச் சொல்லிவிட்டால் இரண்டாமவர் எண்ணுவது சும்மா ஒப்புக்குத்தான்.

பாஸ்புக்கில் எண் எழுதுவதைவிடப் பங்குக்கு ஒரு முத்திரை நல்லது. வாரத்துக்கு ஐந்து கட்டம். ஒருவர் மூன்று பங்கு போட்டால் மூன்று முத்திரை, மீதி இரண்டு கட்டத்தில் அங்கேயே, அவர் கண் முன்னால், குறுக்குக் கோடு. கோடு போடாமல் விட்ட கட்டத்தில் பிறகு யாரும் முத்திரை குத்திவிடலாம், பல குழுக்களில் திருட்டு நடக்கிற இடமே அந்தக் காலிக் கட்டம்தான். பாஸ்புக்குகளும் முத்திரையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், வீட்டுக்குப் போக வேண்டாம்.

பெட்டிக்குள் மூன்று துணிப்பை, மூன்று நிறம். கடன் நிதி, தானிய நிதி, அவசர நிதி. அவசர நிதிக்கு வாரம் ஒரு சிறு தொகை, எல்லோரும் ஒரே அளவு. பிரசவம், சாவு, நோய் இவற்றுக்கு வட்டியில்லாமல். இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டால் யாருக்காவது அவசரம் வந்ததும் தானியக் காசு கரையும், அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள், மனசு வராது. கூட்டம் முடியும்போது ஒவ்வொரு பையிலும் எவ்வளவு என்று சொல்லி, எல்லோரும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். நோட்டுப் புத்தகம் தொலைந்தாலும் 20 பேர் நினைவில் கணக்கு இருக்கும்.

கடன் உச்சவரம்பு சேமிப்பைப் போல மூன்று மடங்கு என்று பலர் வைக்கிறார்கள். முதல் வருடம் இரண்டு மடங்கு போதும். மூன்று மடங்கு வைத்தால் ஏழெட்டுப் பேரே பெட்டியைக் காலி செய்துவிடுவார்கள்.

அடுப்பங்கரை:

எல்லாம் சரி, ஆனால் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை யாரும் தொடவில்லை.

மாலியில் 2009 முதல் 2012 வரை பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் குலுக்கல் முறையில் ஊர்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். குழுக்கள் வந்த ஊர்களில் உணவுப் பாதுகாப்பு மேம்பட்டது, வீட்டில் கால்நடைகள் கூடின. ஆனால் வீட்டு முடிவுகளில் பெண்ணின் சொல்லுக்கு உள்ள மதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. கானா, மலாவி, உகாண்டாவில் நடந்த இன்னோர் ஆய்வில் தலைகீழ்: தொழிலும் பெண்களின் நிலையும் முன்னேறின, சாப்பாட்டுச் செலவில் மாற்றம் தெரியவில்லை. அதாவது குழு தொடங்கினாலே பசியும் போய்விடும், அதிகாரமும் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எது வேண்டுமோ அதை விதியில் எழுதி வைக்க வேண்டும்.

எழுத வேண்டியவை என்று நான் நினைப்பது: கடன் கேட்பவர் கூட்டத்தில் எழுந்து, எதற்கு, எப்போது, எதிலிருந்து திருப்புவேன் என்று தானே சொல்ல வேண்டும். வீட்டு ஆண்கள் அனுப்பிய காகிதத்தின் பேரில் கடன் இல்லை. பங்கு பிரிப்பில் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் தானியமாகத் தாருங்கள். பணம் கைக்கு வந்த அன்றே வேறு தேவைக்குப் போய்விடும், ஒரு மூட்டை தானியம் வீட்டுக்குள் வந்தால் அது அடுப்புக்குத்தான் போகும்.

இரண்டாவது, மிகவும் ஏழையான பெண் இந்தக் குழுவில் இருக்கிறாரா? வாரம் ஒரு பங்குகூட முடியாதவர்கள், தனியாக வாழும் மூதாட்டி, கைவிடப்பட்டவர் இவர்கள்தான் முதலில் பட்டினி கிடப்பவர்கள், முதலில் விலகுபவர்களும். அவர்களுக்கு அரைப் பங்கு முத்திரை வையுங்கள், அல்லது தானியம் காயவைப்பது, பை கட்டுவது போன்ற வேலையை நாளுக்கு இத்தனை பங்கு என்று வரவு வையுங்கள். தானமாகத் தர வேண்டாம், அவரும் தலை நிமிர்ந்து வாங்கட்டும். தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பின் சங்கப் பெண்கள், தரிசு நிலத்தைத் திருத்த வாங்கிய கடனைத் தானியமாகத் திருப்பிப் பொதுக் களஞ்சியம் உண்டாக்கினார்கள். யார் ஏழை என்பதை வெளியிலிருந்து வந்த பட்டியல் சொல்லவில்லை, ஊரே கூடித் தரம் பிரித்தது.

மூன்றாவது, தானியம் மட்டும் உணவாகாது. 400 கிராம் தானியத்தில் 1,400 கலோரிதான். ஆளுக்கு 60 கிராம் பருப்பு என்றால் வீட்டுக்கு 90 நாளைக்கு 27 கிலோ. 16 பையில் இரண்டை, முடிந்தால் மூன்றைப் பயறாக வாங்குங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இது தள்ளிப்போட முடியாத தேவை.

வரப்போரம்:

எல்லோருக்கும் நன்றி. பாதி தானியம், பாதி பணம் என்று முடிவு செய்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். விலை ஏறாமல் போனால் தானியம் வாங்கியது நஷ்டமா? அந்த 800 கிலோவைப் பங்கு பிரித்துத் தின்றுவிடுவதா, கடனாகக் கொடுத்துத் திருப்பி வாங்குவதா? தொடக்கத்திலேயே வெளியிலிருந்து மானியம் தரவும் ஒருவர் தயாராக இருக்கிறார்.

கணக்கேடு:

விலைக் கேள்விக்கு: ஒரு வீட்டுக்கு 40 கிலோ தானியமும் 56 பங்கு பணமும். பணம் வட்டியோடு ஒன்றுக்கு 1.1 ஆகிறது என்று வையுங்கள், 61.6. விலை 30 சதவீதம் ஏறினால் அதற்கு 47 கிலோ கிடைக்கும், மொத்தம் 87. இலக்குக்கு 3 கிலோ குறைவு, சமாளிக்கலாம். விலை ஏறவே இல்லை என்றால் பணத்துக்கு 61 கிலோ, மொத்தம் 101. பைச் செலவு மட்டும்தான் நஷ்டம். இரண்டு பக்கமும் விழாமல் நிற்கத்தான் பாதிப் பாதி. முழு விலையேற்றத்தையும் வட்டியால் ஈடுகட்ட நினைத்து வட்டியை ஏற்றாதீர்கள், அந்த வட்டியைக் கட்டுவதும் இதே 20 பெண்கள்தான்.

குதிர்க்காவல்:

தானியத்தைக் கடனாகக் கொடுங்கள். 40 கிலோ வாங்கியவர் அறுவடை முடிந்து மூன்று வாரத்துக்குள் 44 கிலோ திருப்ப வேண்டும். வியாபாரிக்கு இரண்டு மடங்கு கொடுத்தவருக்குப் பத்தில் ஒன்று பெரிதில்லை, அந்தக் கூடுதல் சேதாரத்துக்கும் புதுப் பைக்கும் வேண்டும். 20 பேரும் திருப்பினால் 880 கிலோ. இரண்டாம் வருடம் புதிதாக வாங்கவே வேண்டாம், முதல் 8 வாரச் சேமிப்பு முழுக்கக் கடன் நிதிக்குப் போகும். இந்த இருப்பு பங்கு பிரிப்பில் சேராது, பொதுச் சொத்து என்று தீர்மானப் புத்தகத்தில் தொடக்கத்திலேயே எழுதுங்கள். விலகுபவருக்கு அவர் போட்ட 40 பங்கு பணமாகக் கிடைக்கும், கூடுதல் கிடையாது.

ஒரே நாளில் 40 கிலோவையும் தராதீர்கள். 40-ம் வாரம் 15, 44-ம் வாரம் 15, 48-ம் வாரம் 10.

சஹாராப் பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள சஹேல் நாடுகளில் 1970-களின் வறட்சிக்குப் பிறகு ஊர் ஊராகத் தொடங்கிய தானிய வங்கிகளில் பல நிலைக்காமல் போயின. காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: தெரிந்தவர் என்று கணக்கில்லாமல் கடன், திருப்பும்போது பதரும் ஈரமும், மழை பொய்த்த வருடத்தில் என்ன செய்வது என்று விதி இல்லாமை. முதலாவதற்கு, திருப்பாதவரின் பணப் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்ற விதி. இரண்டாவதற்கு, கொடுத்த அதே தராசில், அதே முறத்தில் புடைத்து, உப்புச் சோதனை செய்து வாங்குவது. வாங்குபவர் கொடுப்பவரின் சொந்தமாக இருக்கக் கூடாது. மூன்றாவதற்கு, பாதிப் பேருக்கு மேல் விளைச்சல் போன வருடம் என்று கூட்டம் தீர்மானித்தால், அந்த வருடம் 4 கிலோ மட்டும் திருப்பி, 40 கிலோ அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகும். நெருக்கடி வந்த பிறகு இந்த விதியை எழுத உட்கார்ந்தால் யாரும் திருப்ப மாட்டார்கள்.

மூன்றுசாவி:

மானியம் பற்றி: முதல் வருடம் பணமாக வாங்காதீர்கள். பையாகவோ தராசாகவோ பெட்டியாகவோ தந்தால் வாங்குங்கள். வெளிப்பணம் பெட்டிக்குள் விழுந்த அன்றிலிருந்து அது இலவசப் பணம் என்ற எண்ணம் வரும், திருப்பும் ஒழுங்கு தளரும். இந்தியாவில் 1992-ல் நபார்டு என்ற வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி 500 குழுக்களோடு தொடங்கிய சுய உதவிக் குழு–வங்கி இணைப்பிலும் குழு குறைந்தது ஆறு மாதம் தன் சேமிப்பில், தன் உள்கடனில் ஓடிக் காட்டிய பிறகுதான் வங்கிக் கடன். உங்களுக்கு ஒரு முழுச் சுழற்சி: ஒரு பங்கு பிரிப்பு, ஒரு தானியத் திருப்பம். இரண்டும் ஒழுங்காக நடந்தால் அப்போது பேசுங்கள், அதுவும் கிடங்குக் கூரைக்காக.

அடுப்பங்கரை:

கூட்ட நேரத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நடவு, களையெடுப்பு வாரங்களில் பெண்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த வாரங்களில் ஒரு மணி நேரக் கூட்டம் வைத்தால் வராதவர்களுக்கு அபராதம், அபராதத்தால் மனக்கசப்பு, பிறகு விலகல். அந்தக் காலத்தில் 20 நிமிடம் போதும்: பங்கு, முத்திரை, மூன்று பையின் இருப்பைச் சொல்வது, கலைவது. கடன் பேச்சு மாதம் ஒருமுறை மட்டும்.